பதினான்காம் எண் பூட்டு

என் புருஷனின் கோட்டுப் பையில் உதட்டுச்சாயம் பட்ட கைக்குட்டை கிடைத்திருந்தால்கூட நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். கிடைத்தது ஒரு பூட்டு. கட்டைவிரல் பருமனில் பித்தளை உருளை, முகத்தில் பதினான்கு என்று எண். எங்கள் வீட்டு எண் ஒன்பது.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துவைப்பறை இருக்கிறது. இரண்டு மெஷின், பக்கத்திலேயே சூடான உலர்த்தும் அறை. வாசலில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துளை. வேண்டிய துளையில் உங்கள் வீட்டு எண் போட்ட பூட்டைச் செருகித் திருகிவிட்டால் அந்த நேரம் உங்களுடையது, ராஜாவே துணிமூட்டையோடு வந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும். வீட்டுக்கு ஒரே ஒரு பூட்டு. புருஷனைக் கடன் கொடுத்தாலும் கொடுப்பார்கள், இந்த ஊரில் துவைப்பறைப் பூட்டைக் கடன் கொடுக்கமாட்டார்கள். பதினான்காம் எண் வீட்டில் இருப்பவள் உல்ரிகா. மூன்றாம் மாடி, ஐம்பதைத் தாண்டியவள், விவாகரத்து ஆனவள், பூக்கடையில் வேலை. அவள் மேல் எப்போதும் ஈரமண் வாசனை அடிக்கும். ஆண்களுக்கு அது பிடிக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம்.

பூட்டை எடுத்த பையிலேயே திரும்ப வைத்தேன். இங்வேயிடம் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பான். சிரித்தே என் கேள்வியைக் கரைத்துவிடுவான், நாற்பது வருஷமாக அதுதான் அவன் வேலை.

என் புருஷன் இங்வே இந்த வெஸ்தெரோஸ் ஊரில் பஸ் ஓட்டினவன். நாலாம் நம்பர் பஸ். மைக்கில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதோடு நிற்கமாட்டான். "அடுத்தது பல் ஆஸ்பத்திரி, தைரியசாலிங்க மட்டும் இறங்கலாம்" என்பான். பனி கொட்டுகிற ஜனவரியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஜனங்கள் அவன் பஸ்ஸில் மட்டும் சிரிப்பார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் கடைவீதியில் நடந்தால் யாராவது கையசைப்பார்கள். பக்கத்தில் நடக்கும் என்னை யாருக்கும் தெரியாது.

நான் குன்வோர். பள்ளிக்கூடச் சமையலறையில் பொறுப்பாளராக இருந்தேன். பாலை மோந்து பார்க்காமல் உள்ளே விடமாட்டேன், மீனின் கண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். சமையலறையில் அந்தப் புத்திக்கு மரியாதை உண்டு, வீட்டில் அதற்குப் பெயர் சந்தேகப்புத்தி. போதாததற்கு எனக்கு மனச்சோர்வும் உண்டு. மகள் மாலின் பிறந்த பிறகு ஒரு தடவை, ஐம்பது வயதில் ஒரு தடவை, படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். மாத்திரை, சுகாதார மையம், வாரா வாரம் பேசப் போவது எல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்கள் வீட்டில் இந்தப் பாகப்பிரிவினை என்றைக்கோ முடிந்துவிட்டது: சிரிப்பு அவனுக்கு, இருட்டு எனக்கு. அதற்கு முத்திரை குத்தினது பஸ் கம்பெனி நடத்திய ஒரு பயிற்சி நாள். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள், போனேன். ஒரு பெண் வந்து எல்லோருக்கும் குணச் சோதனை வைத்தாள். நீங்கள் சட்டென்று கவலைப்படுவீர்களா, கூட்டத்தில் இருக்கப் பிடிக்குமா என்று கேள்விகள். முடிவில் இங்வேக்குக் கலகலப்பு உச்சத்தில், எனக்குக் கவலை நாட்டம் உச்சத்தில். "கவலை நாட்டம் அதிகமா இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு ஜாஸ்தி" என்று அவள் சொன்னபோது மேஜையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இங்வே என் தோளில் கை போட்டு, "பரவால்ல, இவ மேகம், நான் வெயில். ரெண்டும் இருந்தாதான் வானவில்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து என் பெயர் மேகம்.

மாலின் ஞாயிறுதோறும் ஸ்டாக்ஹோமிலிருந்து போன் பண்ணுவாள். "அம்மா, தூங்குறியா? மாத்திரை போடுறியா? வெளிய போறியா?" என்று விசாரணை நடக்கும். கடைசியில், "அப்பா எப்படி?" "அப்பா அப்பாதான்." "சரி, வச்சிடறேன்." அவ்வளவுதான் அப்பாவுக்கு.

பூட்டைப் பார்த்த பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். நான் கவனிக்க ஆரம்பித்தால் எறும்பும் தப்பாது.

எங்கள் துவைப்பு நாள் செவ்வாய். ஓய்வு பெற்றதிலிருந்து அந்த வேலையை இங்வே தானாகவே எடுத்துக்கொண்டிருந்தான், நானும் நல்ல புருஷன் என்று நினைத்திருந்தேன். இப்போது வியாழக்கிழமையும் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். இரண்டு பேர் அழுக்குக்கு வாரம் இரண்டு நாளா? "கிழவனானா வேர்வை ஜாஸ்தி மேகம்" என்றான். ஒரு சுற்று ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும்; எல்லோரும் மெஷினைப் போட்டுவிட்டு மேலே வந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். இவன் வருவதில்லை. எங்களுக்கான மூன்று மணி நேரமும் முடிகிறவரை கீழேயே இருந்தான்.

ஒரு வியாழக்கிழமை தலையணை உறையில் வேண்டுமென்றே ஊறுகாய் பீட்ரூட்டின் சாற்றைத் தடவி அவன் கூடையின் அடியில் வைத்தேன். அறுபத்தாறு வயதில் செய்கிற காரியமா என்று எனக்கே இருந்தது. சாயங்காலம் கூடை மேலே வந்தது. துணியெல்லாம் அழகாக மடித்து, வெதுவெதுவென்று. உறையைப் பிரித்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. துணி தண்ணீரையே பார்க்கவில்லை, உலர்த்தும் அறையின் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தது.

அப்படியானால் மூன்று மணி நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே என்ன நடக்கிறது? அதுவும் அவள் பூட்டைப் போட்டு? சந்தேகம் என்பது எனக்குப் பழகின நாய்தான், ஆனால் இதுவரை அது குரைத்துத்தான் பார்த்திருக்கிறேன், கடித்ததில்லை.

அதற்கு நடுவில் உல்ரிகா படிக்கட்டில் எதிரே வந்தாள். கையில் ஒரு கட்டு ஊதாப்பூ. "குன்வோர், இங்வே எப்படி இருக்கான்?" என்றாள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. நாற்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. குன்வோர் எப்படி இருக்கிறாள் என்று இங்வேயைத்தான் கேட்பார்கள்.

"அவனுக்கென்ன, ஜம்முனு இருக்கான். ஏன் கேக்குற?"

"சும்மாதான்" என்றாள். கண்ணை என் முகத்திலிருந்து எடுத்துப் பூவில் வைத்துக்கொண்டாள். நெருப்பில்லாமல் புகையாது என்று அப்போது தீர்மானமே பண்ணிவிட்டேன்.

எங்கள் ஊரில் சண்டை என்றால் வாயால் போடுவதில்லை. துவைப்பறைச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டுவோம், கையெழுத்து இல்லாமல். நானும் ஒட்டினேன். 'ஒரு வீட்டுக்கு ஒரு பூட்டு! துவைக்காமல் நேரத்தைப் பிடித்துவைத்திருப்பவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். இதற்கு மேலும் தொடர்ந்தால் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில் பேர் சொல்லப்படும்.' நான் ஒருத்திதான், ஆனாலும் 'எங்களுக்கு' என்று போட்டேன், அதுதான் முறை. மறுநாள் யாரோ அதன் அடியில் 'மிகச் சரி' என்று எழுதியிருந்தார்கள். இன்னொருவர் வடிகட்டியைச் சுத்தம் செய்யாதவர்களைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

பலகையின் வியாழக்கிழமைத் துளையிலிருந்து பதினான்காம் எண் காணாமல் போயிற்று. இங்வே வியாழக்கிழமை இறங்குவதை நிறுத்தினான். செவ்வாய்க்கிழமைகூடத் துணியைப் போட்டுவிட்டு உடனே மேலே வந்தான். வேண்டாத வெற்றி கிடைத்தது எனக்கு. கையும் களவுமாகப் பிடித்த திருப்தியும் இல்லை, பொய்யென்று ஆன நிம்மதியும் இல்லை.

வீட்டோடு இருந்த இங்வே முன்னைவிட அதிகமாக ஜோக் அடித்தான். காலையில் எழுந்ததும் ஆரம்பிப்பான், "இன்னைக்கு இடியா, தூறலா மேகம்?" சொன்னதையே சொன்னான். பல் ஆஸ்பத்திரி ஜோக்கைத் தபால்காரனிடம் சொன்னான், பிறகு அதே வாரம் அவனிடமே திரும்பவும் சொன்னான். நவம்பர் குளிரில் காலுறை போடாமல் வெறுங்காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு குப்பை கொட்டப் போனான். என்னடா இது என்றால், "வைகிங் வைத்தியம். எங்க கொள்ளுத்தாத்தா சாக்ஸ் போட்டா கப்பல் ஓட்டினார்?" என்றான். எங்கள் ஊர் வழக்கப்படி வியாழக்கிழமை வைக்கும் பட்டாணி சூப்பில் பாதியை வைத்துவிட்டு, "வயித்துல ஜோக்குக்கு இடம் விட்டிருக்கேன்" என்றான். குற்றமுள்ள நெஞ்சு, அதான் சோறு இறங்கவில்லை என்று எனக்குள் கணக்குப் போட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. நாலு மணிகூட ஆகவில்லை, வெளியே இருட்டிவிட்டது. அவன் கோட்டு கொக்கியில் தொங்கியது. காலணி வாசல் பாயில் இருந்தது. தொப்பி, கையுறை, போன் எல்லாம் இருந்தன, அவன் மட்டும் இல்லை. ஆக, கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை. கட்டடத்துக்குள்ளே கோட்டும் காலணியும் இல்லாமல் ஒரு ஆண்பிள்ளை எங்கே போவான்?

சூப் சட்டியை அடுப்பில் வைக்காமலே படியேறினேன். மூன்றாம் மாடி வருவதற்குள் சொல்லவேண்டிய வார்த்தைகளையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டேன். மணியை அழுத்தி, அழுத்தின விரலை எடுக்கவில்லை.

உல்ரிகா கதவைத் திறந்தாள். பூக்கடை ஏப்ரனைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"வரச்சொல்லு அவனை" என்றேன்.

"யாரை?"

"நடிக்காத. உன் பூட்டை அவன் பையில பாத்தேன். கதவைப் பூட்டிக்கிட்டு மூணு மணி நேரம் நீங்க கீழ என்ன கூத்தடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை ஒட்டினதும் நான்தான்."

அவள் கோபப்படுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள். "இங்வே வீட்ல இல்லையா?"

"கோட்டு இருக்கு, ஷூ இருக்கு. அவன் இல்ல."

"கீழயும் இல்லையா?" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "குன்வோர், உள்ள வா. இல்ல, வேணாம், நட. நடந்துகிட்டே சொல்றேன்."

இறங்கிக்கொண்டே சொன்னாள். மார்ச் மாதம் ஒரு நாள் மறந்துபோன துண்டை எடுக்கக் கீழே போயிருக்கிறாள். உலர்த்தும் அறைத் தரையில் இங்வே உட்கார்ந்திருக்கிறான், சூட்டுக்காற்றுக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு. பக்கத்து அறையில் மெஷின் காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அழுகை வெளியே கேட்கக்கூடாது என்று ஓடவிட்டிருக்கிறான்.

"அழுகையா? இங்வேயா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். என்னைப் பாத்ததும் ஒரு ஜோக் சொன்னான் குன்வோர். கண்ணுல தண்ணி ஓடுது, வாய் ஜோக் சொல்லுது. எனக்கு இன்னும் அது மறக்கல. அப்புறம் போன மாசம், வாரத்துல ஒரு நாள் பத்தலன்னான். நான் பாத்ரூம்லயே மெஷின் வாங்கி வச்சிட்டேன், பூட்டு சும்மாதான் கிடந்துச்சு, குடுத்தேன். உன்கிட்ட சொல்லுன்னு எத்தனையோ தடவை சொன்னேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். உன் காகிதத்தைப் பாத்ததும் பூட்டைத் திருப்பிக் குடுத்துட்டான். 'கம்பெனி மூடியாச்சு'ன்னு சிரிச்சான். அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமில்ல."

துவைப்பறையில் இரண்டாம் மாடிக் குடும்பம் போர்வை துவைத்துக்கொண்டிருந்தது. எங்கள் சத்தத்துக்கு நிமிர்ந்து, நேரத்தைப் பறிக்க வந்தோமோ என்று பலகையைப் பார்த்தார்கள். உலர்த்தும் அறையில் போர்வைகள்தான் தொங்கின. வெளியே உறைகிற குளிர், அவனிடம் கோட்டு இல்லை, ஏரிக்கு இங்கிருந்து நடக்கும் தூரம்தான். அந்த நினைப்பை நான் முடிக்கவில்லை. முடிக்கப் பயந்தேன்.

"சாமான் கூண்டு" என்றாள் உல்ரிகா.

நிலவறையின் கோடியில் வீட்டுக்கொரு கம்பிவலைக் கூண்டு இருக்கிறது, பனிச்சறுக்குக் கட்டைகளும் கோடைக்கால நாற்காலிகளும் போட்டுவைக்க. அங்கே விளக்கு தானாக அணைந்துவிடும்; பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரியும். அழுத்தினேன். ஒன்பதாம் கூண்டின் உள்ளே, மாலினின் பழைய பனிவண்டியின் மேல் இங்வே உட்கார்ந்திருந்தான். வெறுங்கால். இருட்டில் எவ்வளவு நேரம் இருந்தானோ, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான்.

உல்ரிகா பொத்தானைத் தாண்டி வரவில்லை. "நான் மேல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அப்போது வாயில் வரவில்லை.

"அடுத்த நிறுத்தம் நிலவறை" என்று ஆரம்பித்தான் இங்வே. "எல்லாரும்..." அவ்வளவுதான் வந்தது. மீதி வரவில்லை.

கூண்டுக்குள் போய்ப் பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தேன். ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, திசை மட்டும் மாறியிருந்தது. "அந்தப் பூக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா? நான் உனக்கு யாரு?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்கே அது இருக்கு. நானும் விழுந்தா உன்னை யாரு பாத்துப்பா?"

"நான் கேட்டேனா பாத்துக்கன்னு?"

"எல்லாரும் கேட்டாங்க. மாலின் கேட்டா. உன் டாக்டர் கேட்டாரு. 'நல்லவேளை நீங்க இருக்கீங்க இங்வே'ன்னு சொல்லாத ஆள் யாரு?" அவன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பஸ் இருந்தவரைக்கும் சமாளிச்சேன். வீட்ல முடியல. மேல இருந்தா நான் இங்வேயா இருக்கணும் குன்வோர். கீழ வந்தா யாராவும் இருக்கவேணாம். மெஷினுக்கு ஜோக் வேணாமில்ல."

மேகம் என்று சொல்லாமல் என் பெயரைச் சொல்லியிருந்தான்.

"எவ்வளவு நாளா?"

"தெரியல. ஒருவேளை எப்பவுமே இருந்திருக்கும். எனக்கு இருக்கிறது அதுதான்னே ரொம்ப நாளா தெரியல. அந்தச் சோதனை வச்ச பொண்ணு எனக்குக் கலகலப்பு உச்சம்னா, நானே வெயில்னு சொல்லிக்கிட்டேன். வெயிலுக்கு எப்படி இது வரும்? சோம்பேறித்தனம்னு நெனச்சேன். வயசுன்னு நெனச்சேன். உனக்கு வந்தப்ப நீ படுத்த. நான் படுக்கலையே. எழுந்திரிக்கிறேன், ஷேவ் பண்றேன், ஜோக் சொல்றேன். உள்ள மட்டும் ஆளில்ல."

அவன் இரவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதையும், பாதி சூப்பையும், ஒரே ஜோக்கைத் திரும்பத் திரும்பச் சொன்னதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொன்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றையும் எண்ணினேன், எல்லாவற்றையும் பூக்காரியின் கணக்கில் எழுதினேன். மீனின் கண்ணைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்பவளாம் நான்.

விளக்கு அணைந்தது. அவன் எழப்போனான், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இரு. இந்த இருட்டு எனக்குப் பழக்கம்" என்றேன். "இதுல நான் ரெண்டு தடவை போயிட்டு வந்திருக்கேன். எது சுவரு, எது கதவுன்னு எனக்குத் தெரியும். மடையா, வழி தெரிஞ்சவ ஒருத்தி வீட்ல இருக்கும்போது நீ போயி துணி மெஷின்கிட்ட உக்காந்திருக்க."

அவன் அழுதான். மெஷின் எதுவும் ஓடவில்லை, நன்றாகக் கேட்டது. அவன் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மீன்பெட்டியிலிருந்து எடுத்தது போல் சில்லிட்டிருந்தது. அழுது முடித்த பிறகு, ஏரி நினைப்பு வந்ததா என்று நேராகவே கேட்டேன். என்னிடம் அந்தக் கேள்வியை முன்பு கேட்டிருக்கிறார்கள், கேட்டதால் எனக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை. வந்தது, இந்த வாரம்தான், என்றான். காலணி இல்லாவிட்டால் ஏரிவரை போகமாட்டேன் என்றுதான் அதை மேலேயே விட்டுவிட்டு வந்தேன் என்றான்.

அவனை மேலே கூட்டிக்கொண்டு போனதும் கதவைப் பூட்டிச் சாவியை என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். உடனே சுகாதார மையத்துக்குப் போன் பண்ணினேன். நர்ஸ் என் பெயரைக் கேட்டதுமே, "மறுபடி ஆரம்பிச்சிடுச்சா குன்வோர்?" என்றாள், பாவம் நல்லவள்.

"எனக்கில்ல. என் வீட்டுக்காரனுக்கு."

"இங்வேக்கா?" என்று அவள் சிரித்தேவிட்டாள். பிறகு நான் ஏரியைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ராத்திரி தனியாக விடாதீர்கள், மோசமானால் அவசர எண்ணை அழையுங்கள், நாளைக் காலை முதல் ஆளாக வாருங்கள் என்றாள்.

டாக்டர் ஹம்புஸ் சின்னப் பையன். முன்பிருந்தவர் போய் இவன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நாங்கள் உள்ளே நுழைந்து உட்காரும் முன்பே அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நாலாம் நம்பர் பஸ் இங்வேதானே நீங்க? நான் ஸ்கூலுக்கு உங்க பஸ்லதான் போனேன். பல் ஆஸ்பத்திரி!"

"தைரியசாலிங்க மட்டும்" என்றான் இங்வே. நாடகத்தில் தன் முறை வந்தவன் மாதிரி முதுகு நிமிர்ந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"உங்களைவிட நல்லா இருக்கேன். உங்களுக்குத்தான் தூக்கம் பத்தலபோல, கண்ணு கீழ பையி தொங்குது. துவைக்கக் குடுங்க, நமக்கு நிலவறையில ஆள் இருக்கு."

ஹம்புஸ் வாய்விட்டுச் சிரித்தான். நர்ஸ் என்ன சொல்லியிருந்தாளோ, அது அந்தச் சிரிப்பில் கரைந்துகொண்டிருப்பதை என் கண்ணால் பார்த்தேன். இங்வேயும் சிரித்தான். நேற்றுக் கூண்டில் உட்கார்ந்திருந்தவன் எங்கேயும் இல்லை. நல்லா தூங்குறீங்களா, குழந்தை மாதிரி. பசிக்குதா, குதிரை மாதிரி. நேத்து ஏதோ கஷ்டமா இருந்துச்சுன்னாங்களே, அது பொண்டாட்டி சமையல். ஹம்புஸ் தலையாட்டிக்கொண்டே நாற்காலியை மெல்ல என் பக்கம் திருப்பினான்.

"உங்களுக்கு எப்படி இருக்கு குன்வோர்? நவம்பர் உங்களுக்கு எப்பவும் கஷ்டமாச்சே. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

இங்வே கோட்டின் பொத்தானைப் போட ஆரம்பித்தான். தப்பித்தாயிற்று என்ற நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. இன்னும் ஒரு ஜோக், ஒரு கைகுலுக்கல், நாங்கள் வீட்டில் இருப்போம். அவன் சாமான் கூண்டில் இருப்பான். இல்லை, வேறெங்காவது.

"டாக்டர்" என்றேன். "எனக்குச் சந்தேகப்புத்தி. அது என் சீட்டிலேயே எழுதியிருக்கும், பாருங்க. பாலை நம்பமாட்டேன், மீனை நம்பமாட்டேன், அக்கம்பக்கத்தை நம்பமாட்டேன். நாற்பது வருஷத்துல நான் நம்பின ஒரே விஷயம் இவன் சிரிப்பு. அதுலதான் ஏமாந்தேன். நீங்களும் ஏமாறாதீங்க."

இங்வே என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணில் கோபம் இருந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. நாற்பது வருஷம் கட்டிக்காத்த வேலியை ஒரு பையன் முன்னால் நான் பிய்த்துப் போட்டேன். என்னை மன்னிக்காமலே போனாலும் போகட்டும், ஆள் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

"கால காட்டு" என்றேன்.

அவன் கோட்டுப் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். பிறகு கால்சட்டையை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கினான். காலணிக்குள் வெறுங்கால், கணுக்கால் குளிரில் வெடித்துச் சிவந்திருந்தது.

"வைகிங்னு சொல்லுவேன் எல்லார்கிட்டயும்" என்றான் இங்வே. குரல் கூண்டில் கேட்ட குரலாக இருந்தது. "வைகிங்லாம் இல்ல. காலையில கட்டில் ஓரத்துல உக்காந்து சாக்ஸைக் கையில எடுக்கிறேன். எதுக்குன்னு தோணுது. ஒரு மணி நேரம்கூட உக்காந்திருக்கேன். போடணும்னு குனிய முடியல டாக்டர், உடம்புல ஒண்ணுமில்ல, ஆனா முடியல. அதை ஜோக் ஆக்கிட்டேன்."

ஹம்புஸ் சிரிக்கவில்லை. என் பக்கம் திருப்பியிருந்த நாற்காலியை இங்வே பக்கம் திருப்பினான்.